நாற்பத்தேழாம் வில்லை

டங்லோ, டனிகால்
9 மே 2004

அன்புள்ள மானஸ் அண்ணனுக்கு,

ரோஷா எழுதுறேன். நானும் என் மாமியாரும் நல்லா இருக்கோம், அயர்லாந்து மழைதான் வழக்கம்போல மோசம். உன் முதுகுவலி தேவலையா? சிட்னியில குளிர் ஆரம்பிச்சிருக்குமே, பனியன் போட்டுக்கோ.

போன் பண்ணாம எதுக்குக் கடுதாசின்னு சிரிப்பே. போன்ல எதைக் கேட்டாலும் நீ சிரிச்சு மழுப்பிடுவே, அதான். அப்பா ஸ்காட்லாந்துல மலை குடைஞ்ச காலத்துல மாசாமாசம் கடுதாசிதானே போட்டார்? பேனாவைப் பிடிச்சா அவருக்குப் பொய் வராது. உனக்கும் வராதுன்னு நம்பிக்கிட்டு இருக்கேன்.

விஷயத்துக்கு வரேன். ஃபெர்கலுக்கு இங்கேயே மீன் தொழிற்சாலையில வேலை கிடைச்சிருக்கும். "ஊருக்கு அடியில ரோடு போடுறோம், காரெல்லாம் சுங்கம் கட்டிட்டுப் போகும், நல்ல சம்பளம், நான்தான் ஷிஃப்ட் மேஸ்திரி, உன் புருஷன் என் கண்ணு முன்னாடியே இருப்பான்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போனது நீ. போன ஞாயித்துக்கிழமை போன்ல அவன் பேசினதைவிட இருமினதுதான் ஜாஸ்தி. குடையக் குடையப் பாறை முன்னாடி போயிடுச்சாம், காத்துக் குழாய் பின்னாடியே நிக்குதாம், குடையிற இடத்துல புழுதியும் சூடும் மூச்சை அடைக்குதாம். "உங்க அண்ணன்கிட்ட சொல்லிட்டேன், பார்த்துக்குவார்"னான். சொன்னானா இல்லையா? நீ காதுல போட்டுக்கிட்டியா இல்லையா?

போன கிறிஸ்துமஸுக்கு வந்தப்ப, உள்ளே போறப்ப நீங்க பலகையில மாட்டுற அந்தப் பித்தளை ஆள் வில்லையை அவன் தெரியாம பாக்கெட்டுல போட்டுக்கிட்டே வந்துட்டான், ஞாபகமிருக்கா? துவைக்கிற எந்திரத்துல அது கடகடன்னு உருண்டு மாமியார் அலறினாங்க. அப்புறம் அதை எடுத்து அடுப்படி ஆணியில மாட்டி, "இது இங்கே தொங்குற வரைக்கும் நான் வெளியே இருக்கேன்னு அர்த்தம்"னு சொன்னான். அந்த ஆணி இப்ப காலியா இருக்கு. இந்தக் கிறிஸ்துமஸுக்கு அந்த வில்லையோட அவனை எனக்கு அனுப்பி வை.

உன் மேல உசுரா இருக்கிற தங்கச்சி,
ரோஷா


சிட்னி
30 மே 2004

என் ராட்சசி ரோஷாவுக்கு,

நல்லா இருக்கேன், முதுகு அப்பப்ப முறைக்குது. மாமியாரைக் கேட்டதாச் சொல்லு, அவங்க என்னைத் திட்டினதையும் ஏத்துக்கிட்டேன்னு சொல்லு.

உன் புருஷன் சொன்னான், சொன்னான். காதுலயும் போட்டுக்கிட்டேன். ஆனா குழாயை முன்னுக்கு நீட்டணும்னா வேலையை நிறுத்தணும். ஆகஸ்ட் இருபதாம் தேதி ரெண்டு பக்கத்துச் சுரங்கமும் சந்திக்கணும், மந்திரி வர்றார், பேண்டு வாத்தியம் எல்லாம் உண்டு. பாறை உடைஞ்சதும் அந்தப் பக்கத்துக் காத்து தானா வந்துடும். அதுவரைக்கும் கொஞ்சம் பல்லைக் கடிச்சுக்கணும். நானும் அங்கேதானே நிக்கிறேன், நான் என்ன செத்தா போயிட்டேன்?

கிறிஸ்துமஸுக்கு வீட்டு வாசல்ல அவனைக் கொண்டுவந்து நிறுத்துறேன். இது அம்மா மேல சத்தியம். போதுமா?

அண்ணன்,
மானஸ்


சிட்னி
12 ஆகஸ்ட் 2004

ரோஷா, என் கண்ணே,

போன்ல உன் அழுகையைக் கேட்டதுமே எனக்குப் பேச வரலை. எழுத்துலயாவது சொல்லிடணும்னு உட்கார்ந்திருக்கேன்.

ஃபெர்கல் வலியே இல்லாம போனான். திங்கட்கிழமை மத்தியானம் வெளியே வந்து டீக்கடைக் கொட்டகை பக்கத்துல பெஞ்சுல உட்கார்ந்தான். நல்ல வெயில். கையில கோப்பை. அப்படியே சாஞ்சுட்டான். மாரடைப்புன்னு டாக்டர் எழுதிட்டார். வெளிச்சத்துல, வானத்தைப் பார்த்துக்கிட்டே போனான்னு நினைச்சு மனசைத் தேத்திக்கோ.

உடம்பை அனுப்ப ஏற்பாடெல்லாம் ஆபீஸ்ல பண்ணிட்டாங்க. நான் கூட வர முடியலை. இங்கே இருபதாம் தேதி வேலை கழுத்துல கத்தி மாதிரி நிக்குது, விட மாட்டேங்குறாங்க. என்னை மன்னிச்சிடு. மாமியார் கையைப் பிடிச்சு எனக்காக ஒரு வார்த்தை சொல்லு.

மானஸ்


டங்லோ
5 செப்டம்பர் 2004

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் எழுந்து நடமாடுறேன், சாப்பிடுறேன், அவ்வளவுதான் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுறியா? உன்னை நினைச்சும் அழுதேன். உன் பக்கத்துலேயே இருந்தவன் ஆச்சே.

இருபத்தொண்ணாம் தேதி சனிக்கிழமை அடக்கம். பழைய சுரங்கக்காரங்க எல்லாரும் வந்தாங்க. அப்பாவோட வேலை பார்த்த கிழங்கள், நுரையீரல் பாதி போனவங்க, மூச்சு வாங்க வாங்கப் பெட்டியைத் தோள்ல விடாம சுமந்தாங்க. வீடு முழுக்க டீயும் சாண்ட்விச்சும் ஜெபமாலையும்.

ஒரே ஒரு சங்கடம். மாமியார் எல்லார் முன்னாடியும் கேட்டாங்க: "என் பிள்ளைக்காக அங்கே சுரங்கம் நின்னுச்சா?" உனக்குத் தெரியும், எந்த ஊர்ல குடைஞ்சாலும் நம்ம ஆளுங்க முறை அது. உள்ளே ஒருத்தன் செத்தா அவனை மண்ணுல வைக்கிற வரைக்கும் ஒருத்தனும் உள்ளே காலடி வைக்க மாட்டான். ராஜாவே வந்து சொன்னாலும் எந்திரம் ஓடாது. நான்தான் பதில் சொன்னேன். "அவர் உயிர் வெளியேதான் போச்சு அத்தே, அந்த முறை உள்ளே சாகிறவங்களுக்குத்தான். எங்க அண்ணன் கண்ணால பார்த்து எழுதியிருக்கான்"னு. அவங்க நம்பலை. "உங்க அண்ணன் பேச்சைக் குழைச்சுப் பூசுவான்"னாங்க. எனக்கு வந்த கோபத்துக்கு அடக்கத்தன்னிக்கே சண்டை போட்டுட்டேன். எங்கப்பனுக்குப் பொறந்தவன் இதுல பொய் சொல்ல மாட்டான்னு கத்தினேன்.

அவன் சாமான்களை அனுப்பி வை. என்ன இருந்தாலும் சரி, ஒண்ணு விடாம.

ரோஷா


சிட்னி
10 அக்டோபர் 2004

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே நலம். எனக்காக மாமியார்கிட்ட சண்டையெல்லாம் போட வேண்டாம் ரோஷா. வயசானவங்க, பேசிட்டுப் போகட்டும்.

பெட்டி அனுப்பியிருக்கேன். கைக்கடிகாரம், ஜெபமாலை, துணி, பூட்ஸ், நீ பின்னின சிவப்புக் கழுத்துத்துணி எல்லாம் இருக்கும். பாறை இருபதாம் தேதியே உடைஞ்சுது. மந்திரி பேசுறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு நிமிஷம் தொப்பியைக் கழட்டி நின்னோம். நீ சொன்னதுதான், முறை உள்ளே சாகிறவங்களுக்கு. அதுல தப்பில்லை.

உடம்பைப் பார்த்துக்கோ.

மானஸ்


டங்லோ
14 நவம்பர் 2004

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். மாமியாருக்குச் சளி. பெட்டி வந்து சேர்ந்தது.

பூட்ஸை யார் பாலிஷ் போட்டாங்க? கல்யாணத்துக்கே பாலிஷ் போடாத மனுஷன் அவன். கழுத்துத்துணியையும் துவைச்சு அனுப்பியிருக்கே. அவன் வாசனைக்காகத்தான் கேட்டேன்னு உனக்குத் தோணவே இல்லையா? சரி, ஆம்பளைங்களுக்கு எங்கே தெரியும்.

வில்லை இல்லையே அண்ணா. பித்தளை வில்லை, நாற்பத்தேழு. எல்லா பாக்கெட்டையும் திருப்பிப் பார்த்தேன், பெட்டியோட அடியில விரிச்ச காகிதத்தைக்கூட எடுத்துப் பார்த்தேன். உள்ளே போறப்ப பலகையில மாட்டுவீங்க, வெளியே வந்ததும் கழட்டிப் பாக்கெட்டுல போட்டுக்குவீங்க. டீ குடிக்க வந்தாலும் கழட்டிட்டுத்தான் வரணும்னு அவனே எனக்குச் சொல்லியிருக்கான். அப்ப பெஞ்சுல உட்கார்ந்தப்ப அது அவன் பாக்கெட்டுலதானே இருந்திருக்கணும்? எங்கேயோ விழுந்திருக்கும். தேடி அனுப்பு. ஆணியில மாட்டணும்.

ரோஷா


சிட்னி
20 பிப்ரவரி 2005

அன்புத் தங்கச்சிக்கு,

பதில் போட ரொம்ப நாளாயிடுச்சு. கிறிஸ்துமஸ் வேலையிலேயே போச்சு, இங்கே வெயில் மண்டையைப் பிளக்குது. ஃபெர்கலுக்காக இங்கே கோயில்ல பூசை வைக்கச் சொல்லியிருக்கேன். மாமியார் சளி விட்டுதா?

அந்த வில்லையை ஆபீஸ்ல வாங்கி வச்சுக்கிட்டாங்கம்மா. இப்ப கால்வே பக்கத்துப் பையன் ஒருத்தன் நாற்பத்தேழை மாட்டிக்கிட்டு வேலை பார்க்கிறான். ஒரு துண்டுப் பித்தளை, அதைப் போய் மனசுல போட்டு உருட்டாதே. வேற ஏதாவது வேணும்னா சொல்லு, அனுப்புறேன்.

மானஸ்


டங்லோ
13 மார்ச் 2005

மானஸ் அவர்களுக்கு,

நாங்கள் சுகம். நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று தெரியும்.

செத்தவன் நம்பரை இன்னொருத்தன் மாட்டுவானா? ஸ்காட்லாந்துல டோனல் மாமா போனப்ப பத்தொன்பதாம் கொக்கியை வேலை முடியிற வரைக்கும் காலியாவே விட்டாங்கன்னு எனக்குச் சொன்னதே நீங்கதான். நான் அப்ப சின்னப் பொண்ணு, நீங்க என்னை மடியில வச்சுக்கிட்டு இதைச் சொன்னீங்க. "அந்தக் கொக்கியைத் தொடக்கூட எவனுக்கும் கை வராது ரோஷா"ன்னு சொன்னீங்க. டனிகால்ல பொறந்த ஒருத்தன் இந்தப் பொய்யை யோசிச்சே இருக்க மாட்டான். ஆபீஸ்காரன்தான் யோசிப்பான். எப்பத்துல இருந்து நீங்க ஆபீஸ்காரன் ஆனீங்க?

எனக்குப் புரிஞ்சதை எழுதுறேன். அவன் வெளியே வரலை. வந்திருந்தா வில்லை பாக்கெட்டுல இருந்திருக்கும். அது பலகையில தொங்கிக்கிட்டு இருந்துது. காத்தில்லாத அந்தப் பொந்துல மூச்சடைச்சு விழுந்திருக்கான். உள்ளே செத்தான்னா, உடம்பு இத்தனை கடல் தாண்டி வந்து மண்ணுக்குள்ள போற வரைக்கும் சுரங்கம் நிக்கும். இருபதாம் தேதி போயிடும். அதனால தூக்கிட்டு வந்து பெஞ்சுல உட்கார வச்சீங்க. அவன் வில்லையைக் கழட்டினது நீங்க. மேஸ்திரியைத் தவிர வேற யாரும் இன்னொருத்தன் வில்லையைத் தொட முடியாது.

வீடு முழுக்க சனங்க இருக்கிறப்ப, பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாயை உங்களுக்காக வாயை மூடச் சொன்னேன் நான். எங்கப்பன் பேரை இழுத்துச் சத்தியம் பண்ணினேன். அவங்க சொன்னதுதான் சரின்னு நேத்து அவங்க காலைக் கட்டிக்கிட்டு அழுதேன்.

மூணு விஷயத்துக்குப் பதில் வேணும். எந்த இடத்துல விழுந்தான்? தனியா இருந்தானா? ஏதாவது சொன்னானா?

ரோஷா


சிட்னி
8 அக்டோபர் 2006

அன்புத் தங்கச்சி ரோஷாவுக்கு,

நலமா இருக்கியா? மாமியார் எப்படி இருக்காங்க? எழுதி ஒன்றரை வருஷம் ஆயிடுச்சு. பேனாவை எடுப்பேன், வச்சிடுவேன்.

சுரங்கம் திறந்தாச்சு. எனக்கு உள்ளே வேலை முடிஞ்சுது. இப்ப கட்டுப்பாட்டு அறையில நிரந்தர உத்தியோகம் குடுத்திருக்காங்க. சாய்வு நாற்காலி, முதுகுக்கு நல்லது. சுவர் பூரா திரை. மொதல்ல கொஞ்ச நாள் ஓசியில விட்டாங்க, எறும்பு மாதிரி காருங்க வந்துச்சு. சுங்கம் போட்டதும் எவனும் வரலை. மேலே இருக்கிற ரோட்டைக் குறுக்கி, சனங்களைக் கீழே தள்ளப் பார்த்தாங்க. ஊரே திட்டுது. "உள்ளே போகவும் காசு, வெளியே நிக்கவும் தண்டனையா"ன்னு ஒரு கிழவர் போன்ல என்னைக் கிழிச்சு எடுத்துட்டார். பேப்பர்ல எங்களைக் கிண்டல் பண்ணாத நாளில்லை. நான் உட்கார்ந்து காலி ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருக்கேன்.

காத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. ஆளுயர விசிறிங்க, வண்டி வந்தாலும் வராட்டியும் நிக்காம சுத்துது. நல்ல காத்து ரோஷா.

ஒரு கேமராவை மட்டும் நான் பார்க்கிறதில்லை. வளைவு தாண்டி ஒரு இடம். அந்தத் திரையைப் பக்கத்துப் பையனைப் பார்த்துக்கச் சொல்லிடுவேன். அவன் ஏன்னு கேக்கலை.

வாசல்ல பளிங்குக்கல் பதிச்சிருக்காங்க. ஒரு உயிரும் பலியாகாம கட்டி முடிச்சதுன்னு. தினம் அதைத் தாண்டித்தான் போறேன்.

நீ போன கடுதாசியில என்னை நீங்கன்னு எழுதியிருந்தே. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. ஒரு தடவை இங்கே வந்துட்டுப் போயேன், டிக்கெட் நான் அனுப்புறேன்.

அண்ணன்,
மானஸ்


டங்லோ
5 நவம்பர் 2006

மானஸ் அவர்களுக்கு,

சுகம். மாமியார் படுத்த படுக்கையா இருக்காங்க, ஆனா நினைவு கத்தி மாதிரி இருக்கு.

முதல் கேள்விக்கு நீங்க பதில் எழுதிட்டீங்க. வளைவு தாண்டி ஒரு இடம். அது போதும் எனக்கு.

காரு வராத ரோட்டுக்கு இன்னிக்கு ஓடுற விசிறியில ஒண்ணை, என் புருஷன் இருமினப்ப ஓட விட்டிருக்கலாம். குழாயை நீட்டியிருக்கலாம். மந்திரி அந்த வாரமே வந்தாகணும்னு யார் அழுதா? அவன் உங்களைத்தானே கேட்டான்? கம்பெனிக்காரனைக் கேட்டானா? "அண்ணன் பார்த்துக்குவார்"னு சொல்லிட்டு அடுத்த நாளும் உள்ளே போனானே. வேற யார் பண்ணியிருந்தாலும் நான் தாங்கிக்குவேன். உங்களைத்தான் தாங்க முடியலை.

டிக்கெட் வேண்டாம். வில்லையை அனுப்புங்க. அது உங்ககிட்டதான் இருக்கு. நம்ம ஆளு எவனும் அதைத் தூக்கிப் போட மாட்டான், நீங்க உட்பட.

ரோஷா


சிட்னி
14 ஜனவரி 2007

ரோஷா,

இதோடு அனுப்பியிருக்கேன். பதிவுத் தபால். கை மாறாம உன்கிட்டயே வந்து சேரணும்.

அவன் தனியா இல்லை. நான் பக்கத்துல இருந்தேன். கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்.

இதுக்கு மேல எழுத வரலை. மாமியாருக்கு என் வணக்கம்.

மானஸ்


டங்லோ
11 பிப்ரவரி 2007

மானஸ் அண்ணனுக்கு,

நான் சுகம். உன் முதுகைப் பார்த்துக்கோ.

வில்லை வந்துது. நீ மெருகு போட்டு வச்சிருக்கே, தினம் துணியால துடைச்சிருப்பே போல. மாமியார் கையில குடுத்தேன். நெஞ்சுல வச்சுக்கிட்டு, "வந்துட்டியா, இவ்வளவு நேரமா?"ன்னு கேட்டாங்க, ஸ்கூல்ல இருந்து லேட்டா வந்த பிள்ளையைக் கேக்குற மாதிரி. அப்புறம் நான் வாங்கி அடுப்படி ஆணியில மாட்டினேன். மறுநாள் காலையில தூக்கத்துலேயே அவங்க போயிட்டாங்க. பிள்ளை வெளியே வரட்டும்னு இருந்த உசுரு.

பழைய சுரங்கக்காரங்கள்ல மிச்சம் இருந்தவங்க அடக்கத்துக்கு வந்தாங்க. ஆணியில வில்லையைப் பார்த்ததும் ஒவ்வொருத்தரா தொப்பியைக் கழட்டினாங்க. யாரும் எதுவும் கேக்கலை. உன்னைப் பத்தியும் கேக்கலை. ஊருக்கு வந்தேன்னா உனக்கு யாரும் கதவைச் சாத்த மாட்டாங்க, டீயும் குடுப்பாங்க. ஆனா அவங்களும் உன்னைப் பத்திக் கேக்காமலே இருப்பாங்க.

அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு இருந்தேன்னு எழுதியிருக்கே. அந்த ஒரு வரியை எத்தனை தடவை படிச்சிருப்பேன், எனக்கே தெரியாது. அது நிஜமா இருக்கணும்னு மண்டிபோட்டுக் கேக்குறேன். ஆனா பெஞ்சையும் வெயிலையும் டீக்கோப்பையையும் எழுதினதும் இதே கையெழுத்துதானே அண்ணா? எனக்குன்னு இருந்த ஒரே நிஜமான ஆறுதலையும் நம்ப முடியாம பண்ணிட்டியே, அதைத்தான் நான் சாகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.

இனி எழுத வேண்டாம். வந்தாலும் பிரிக்க மாட்டேன். சின்னப் பிள்ளையில நீ சொல்லிக் குடுத்த மாதிரி, வேலை முடிஞ்சதும் உள்ளே யாராவது மிச்சம் இருக்காங்களான்னு பலகையை ஒரு தடவை பார்த்துட்டேன். ஃபெர்கல் வெளியே வந்துட்டான். அவன் வில்லை வீட்டுல இருக்கு.

உன்னோடதுதான் அண்ணா, இன்னும் உள்ளே தொங்குது.

ரோஷா